‘போதை’ என்னும் ஒற்றைச் சொல்லும் பதின்பருவ மாணவரும்

ஆண்டுதோறும் ஜூன் 26 அன்று, பள்ளிகள் திறந்திருக்கும் மாநிலங்களில், காலை வழிபாட்டுக் கூட்டத்தின் முடிவில் மாணவர்கள் வலக்கையை முன்னே நீட்டி ஓர் உறுதிமொழி எடுக்கிறார்கள். ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை 1987-இல் அறிவித்த போதைப்பொருள் எதிர்ப்பு நாள் அது. (மே 31-இல் வரும் உலகப் புகையிலை எதிர்ப்பு நாளுக்கு இந்த வாய்ப்பும் இல்லை, நாட்டின் பெரும்பாலான பள்ளிகள் அப்போது கோடை விடுமுறையில் பூட்டிக் கிடக்கும்.) உறுதிமொழியின் வாசகம் மாநிலத்துக்கு மாநிலம் மாறலாம். அதன் எழுவாயும் செயப்படுபொருளும் மாறுவதில்லை: ‘நான்’ என்பது எழுவாய், ‘போதைப்பொருள்’ என்பது செயப்படுபொருள்.

அந்த வரிசையில் நிற்கும் பதின்மூன்று வயது மாணவன் ஒருவனின் கீழுதட்டுக்கும் ஈறுக்கும் இடையே ஒரு சிட்டிகை கைனி அடங்கியிருக்கலாம். அவனும் சேர்ந்தே உறுதி கூறுகிறான். அவன் பொய் சொல்கிறான் என்று கருத வேண்டியதில்லை. அவனுடைய சொற்களஞ்சியத்தில் கைனி போதைப்பொருளே இல்லை. போதைப்பொருள் என்பது திரைப்படத்தில் வில்லன் பெட்டியில் கொண்டுவருவது. செய்தித்தாளில் துறைமுகத்தில் பிடிபடுவது. காவல்துறையினர் மேசைமேல் அடுக்கிவைத்துப் படம் எடுத்துக்கொள்வது. கைனி பெட்டிக்கடையில் தொங்குவது. இரண்டையும் ஒரே சொல்லுக்குள் அடக்கிவிட்டதாக ஆசிரியர் நம்புகிறார். கேட்பவன் அவ்வாறு கேட்கவில்லை.

பதின்பருவ மாணவரிடையே மது, புகையிலை, பிற போதைப்பொருள்கள் பரவுவது குறித்த இந்திய உரையாடலின் முதற்குறை இங்கேதான் இருக்கிறது. அது அக்கறைக் குறைவன்று, சொற்பொருண்மைக் குறை. சொல் பிழைத்ததால் கணக்கும் பிழைக்கிறது, பாடமும் பிழைக்கிறது, இறுதியில் தண்டனையும் தவறான ஆள்மீது விழுகிறது.

கணக்கிலிருந்து தொடங்கலாம். உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பின் நான்காம் சுற்று இந்தியாவில் 2019-இல் நடந்தது. மும்பையிலுள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் 987 பள்ளிகளைச் சேர்ந்த 97,302 மாணவரிடம் அதனை நடத்தியது. 13 முதல் 15 வயது வரையிலானவர்களில் 8.5 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகைப் புகையிலையை அப்போது பயன்படுத்தி வந்தனர். சிறுவரில் 9.6, சிறுமியரில் 7.4. ‘இது ஆண்பிள்ளைகளின் பிரச்சினை’ என்ற எண்ணத்தைக் கலைக்க இவ்விரு எண்களே போதும். மாநிலங்களுக்கிடையிலான வேறுபாடு இதைவிடத் திகைப்பூட்டும்: அருணாசலப் பிரதேசத்திலும் மிசோரத்திலும் 58 விழுக்காடு, இமாசலப் பிரதேசத்தில் 1.1, கர்நாடகத்தில் 1.2. தேசிய சராசரி என்ற ஒன்றை மேற்கோள் காட்டுவதே இங்குச் சற்று அபத்தமானது.

ஆயினும் அந்த அறிக்கையில் மிகுந்த கவலைக்குரிய எண்கள் வேறு. சிகரெட்டைத் தொட்டவர்களில் 38 விழுக்காட்டினரும், பீடியைத் தொட்டவர்களில் 47 விழுக்காட்டினரும், மெல்லுதல், தேய்த்தல் முதலான புகையற்ற வகைகளைத் தொட்டவர்களில் 52 விழுக்காட்டினரும் தம் பத்தாம் பிறந்தநாளுக்கு முன்பே தொடங்கியவர்கள். பத்து வயதுக்கு முன்பு என்றால் நான்காம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு. விழிப்புணர்வுக் கூட்டங்களோ பெரும்பாலும் உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளை நோக்கியே நடத்தப்படுகின்றன. ‘பதின்பருவத்தின் கிளர்ச்சி’, ‘கூடா நட்பு’, ‘மேலைநாட்டுப் பண்பாட்டின் தாக்கம்’ என்று வழக்கமாக அடுக்கப்படும் காரணங்கள் ஒன்பது வயதுக் குழந்தைக்கு எவ்வாறு பொருந்தும்?

ஒன்பது வயதில் புகையிலை எங்கிருந்து வருகிறது என்பதற்கு இந்தியாவின் பல பகுதிகளில் ஒரே விடை உண்டு: வீட்டுக் குளியலறை. ஒடிசாவிலும் சத்தீஸ்கரிலும் ‘குடாக்கு’ என்று ஒரு பசை விற்கப்படுகிறது. புகையிலையும் வெல்லமும் சேர்ந்தது. பல் துலக்கப் பயன்படுவது. பீகாரிலும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் ‘குல்’ என்னும் பொடி. மகாராட்டிரத்தில் புகையிலையை வறுத்துப் பொடித்த ‘மிஸ்ரி’. பெண்களே மிகுதியும் காலையில் ஈறில் தேய்த்துக்கொள்வது. பற்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை சேர்க்கக் கூடாது என்று மத்திய அரசு 1992-இலேயே தடை விதித்தது. தடைக்குப் பின்னரும் பழக்கம் நின்றுவிடவில்லை. பொருளின் வகைப்பெயர்தான் இடம் மாறியது. மிசோரத்தில் புகையிலைப் புகையை நீரில் செலுத்தித் தயாரிக்கும் ‘தூய்புர்’ என்ற நீர்மத்தை வாயில் சிறிது நேரம் அடக்கி உமிழ்வர். ‘தூய்’ என்றால் அம்மொழியில் நீர். பல் துலக்குதல், வாய் கொப்பளித்தல் என்ற வினைகளோடு சேர்ந்து வீட்டுக்குள் நுழையும் பொருளை எந்தக் குழந்தை போதை என்று அடையாளம் காணும்? அம்மாவோ பாட்டியோ காலையில் செய்வதைக் குழந்தை செய்கிறது. அந்த வீட்டில் யாரும் தவறு செய்வதாக நினைக்கவில்லை.

கணக்கெடுப்பு நடத்துவோர் இதை அறிவர். நல்ல வினாப்பட்டியல் ‘நீ புகையிலை பயன்படுத்துகிறாயா’ என்று ஒரு முறை கேட்டுவிட்டு நிற்பதில்லை. அவ்வட்டாரத்தில் வழங்கும் பெயர்களை ஒவ்வொன்றாக அடுக்கிக் கேட்கும். பொதுப்பெயருக்கு ‘இல்லை’ என்பவர் சிறப்புப்பெயருக்கு ‘ஆம்’ என்பது வினாப்பட்டியல் வகுப்போர் நன்கு அறிந்த செய்தி. எலினார் ராஷ் 1970-களில் முன்வைத்த முன்மாதிரிக் கோட்பாட்டைப் படித்த மொழியியல் மாணவருக்கு இதில் வியப்பு இராது: ‘பறவை’ என்றதும் குருவி நினைவுக்கு வருகிறது, கோழி வருவதில்லை. ‘போதை’ என்றதும் கஞ்சாவும் சாராயமும் வருகின்றன, மிஸ்ரி வருவதில்லை. வியப்பளிப்பது, கணக்கெடுப்பாளர் அறிந்த இந்த எளிய உண்மையைப் பள்ளிக்கூடமும் பாடநூலும் இன்றுவரை அறியாமலிருப்பது.

இந்திய மொழிகளில் இப்பொருட்புலம் நெடுங்காலமாகவே கலங்கலானது. இந்தியில் மதுவைக் குறிக்கும் ‘தாரூ’ பாரசீகத்தில் மருந்தைக் குறிக்கும். தெலுங்கில் ‘மந்து’ மருந்தும் ஆகும், பேச்சுவழக்கில் மதுவும் ஆகும். தமிழில் கடைப்பொருளைக் குறித்த ‘சரக்கு’ இன்று எதைக் குறிக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பஞ்சாபில் வெண்மை என்று பொருள்படும் ‘சிட்டா’ ஹெராயினுக்குப் பெயராகிவிட்டது. சட்டமும் இந்தக் கலங்கலில் பங்கு கொள்கிறது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சாச் செடியின் பூத்த நுனிகளையும் பிசினையும் தடை செய்தது. நுனி சேராத இலையையும் விதையையும் வரையறைக்கு வெளியே விட்டது. அதனால்தான் வட இந்தியாவின் சில மாநிலங்களில் உரிமம் பெற்ற பாங் கடைகள் உள்ளன. ஹோலியன்று வீட்டில் பாங் அரைப்பதும் பண்டிகையின் பகுதியாக நடக்கிறது. அதே செடி, ஒரு பகுதி குற்றம், மற்றொரு பகுதி பிரசாதம். இவ்வரையறையில் சட்டத் தர்க்கம் உண்டு. அதனைப் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு விளக்க எவரும் முயன்றதாகத் தெரியவில்லை.

மதுவின் நிலை இன்னும் விநோதமானது. அரசமைப்புச் சட்டத்தின் 47-ஆம் உறுப்பு மதுவிலக்கை அரசின் குறிக்கோளாக வைத்திருக்கிறது. மதுவோ மாநிலப் பட்டியலில் இருக்கிறது. பல மாநிலங்களின் வருவாயில் பெரும் பங்கும் அதிலிருந்தே வருகிறது. கோவாவில் 18 வயதில் சட்டப்படி மது அருந்தலாம், கேரளத்தில் 23, தில்லியில் 25, குஜராத்திலும் பீகாரிலும் எந்த வயதிலும் கூடாது. ‘இது உடலுக்குக் கேடு’ என்று ஆசிரியர் கூறும்போது, எந்த மாநிலத்து உடலுக்கு என்று ஒரு சுட்டியான மாணவன் கேட்டால் விடை சொல்வது கடினம்.

பெயரிடாததன் விலையை மிகக் கடுமையாகச் செலுத்துபவர்கள் முகர்பொருள்களைப் பயன்படுத்தும் சிறுவர்கள். சமூக நீதித்துறை அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நிறுவனத்தின் தேசியப் போதைச் சிகிச்சை மையம் நடத்திய நாடளாவிய ஆய்வு 2019-இல் வெளியானது. குழந்தைகளிடையே போதைப்பொருள் பயன்பாடு குறித்துத் தேசிய அளவில் கணக்கெடுக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2016 டிசம்பரில் ஆணையிட்டிருந்தது. அதற்கும் இவ்வாய்வே விடையாயிற்று. அதன்படி, பெரியவர்களைக் காட்டிலும் சிறுவரிடையே பயன்பாட்டு விகிதம் மிகுதியாக இருந்த ஒரே வகை முகர்பொருள்தான். உதவி தேவைப்படும் நிலையில் இருக்கும் சிறுவர் மட்டும் ஏறத்தாழ 4.6 லட்சம் என்று அது மதிப்பிட்டது. முகர்பொருள் என்பவை யாவை? தட்டச்சுப் பிழையை அழிக்கும் ஒயிட்னர், அதன் கரைப்பான், சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டும் ‘சொல்யூஷன்’, செருப்பு ஒட்டும் பசை, பெட்ரோல். வட இந்திய ரயில் நிலையங்களில் வாழும் சிறுவர்கள் இதைச் ‘சொல்யூஷன்’ என்றே அழைக்கின்றனர். கிழக்கிந்தியாவில் ஒட்டுப்பசை ஒன்றின் வணிகப்பெயரே பழக்கத்துக்கும் பெயராகிவிட்டது. புட்டியில் அடைத்த ஒயிட்னரையும் கரைப்பானையும் சில்லறையில் விற்பதற்கு மத்திய அரசு 2012-இல் தடை விதித்து, பேனா வடிவில் மட்டும் அனுமதித்தது. எழுதுபொருள் கடையில் விற்கும் ஒரு பொருள் மூளையின் நரம்புகளைச் சிதைக்கும் என்பதை எத்தனை பள்ளிகளின் உறுதிமொழி கூறுகிறது? கூறினால் தெரியாதவனுக்கும் தெரிந்துவிடும் என்ற அச்சம் ஆசிரியர்களிடம் உண்டு. அந்த அச்சம் முற்றிலும் அடிப்படையற்றதும் அன்று. வகுப்பு முழுவதற்கும் ‘எப்படி முகர்வது’ என்று விளக்கும் அறிவிலித்தனம் யாருக்கும் வேண்டாம். ஆனால் ஆசிரியருக்கும் பெற்றோருக்குமாவது பொருளின் பெயர் தெரிந்திருக்க வேண்டும். கைக்குட்டையில் வரும் கரைப்பான் நெடியையும், வாயைச் சுற்றிய சிவந்த தடிப்பையும் அறிந்த ஆசிரியர் எத்தனை பேர்?

பெயரற்ற பகைவனோடு போரிடுவது எளிது. அதனால்தான் போரின் மொழி இங்கே இவ்வளவு செழிக்கிறது. 1971 ஜூனில் அமெரிக்க அதிபர் நிக்சன் போதைப்பொருளைப் பொது எதிரி என்று அறிவித்தபோது பிறந்த உருவகம் அரை நூற்றாண்டுக்குப் பின்னும் ஓயவில்லை. 2021-இல் தேசியக் குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையமும் போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பணியகமும் இணைந்து வெளியிட்ட செயல்திட்டத்தின் இந்திப் பெயருக்கு ‘போதைக்கு எதிராக ஒரு போர்’ என்று பொருள். பள்ளிகளில் அது தொடங்கச் சொன்ன மாணவர் மன்றங்களின் பெயர் ‘பிரஹரி’, அதாவது காவலன். அத்திட்டத்தில் பாராட்டத்தக்க கூறுகள் பல உள்ளன. பள்ளிக்கு அருகிலுள்ள கடைகளைக் கண்காணிக்க வேண்டும் என்ற அக்கறை அவற்றுள் தலையாயது. ஆயினும் பெயர் தன் வேலையைச் செய்யாமல் விடாது. காவலன் என்ற சொல் வந்ததும் காவலுக்கு உள்ளே ஒருவனும் வெளியே ஒருவனும் தேவைப்படுகிறார்கள். பின்வரிசை நண்பன் வெளியே தள்ளப்படுகிறான்.

காவலர் வகுப்பறைக்கு வந்து எச்சரிக்கும் முறை பயன் தருமா என்பது ஏற்கெனவே சோதித்து அறியப்பட்ட ஒன்று. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1983-இல் தொடங்கிய ‘டேர்’ என்னும் திட்டத்தில் காவல் அலுவலர்களே பாடம் நடத்தினர். அமெரிக்கா முழுவதும் பரவியது. 1990-களில் வெளியான தொகுப்பாய்வுகள், மாணவரின் போதைப் பயன்பாட்டை அது குறைத்ததாகச் சொல்லத்தக்க விளைவு மிகச் சிறிதே என்று காட்டின. ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள், குற்றத்தடுப்பு அலுவலகம் 2013-இல் வெளியிட்ட தடுப்புநெறிகளும் இதையே வேறு சொற்களில் கூறுகின்றன: அச்சமூட்டுதல், தகவலை மட்டும் அள்ளிக் கொட்டுதல், மீண்டவர்களை மேடையேற்றித் தம் கதையைச் சொல்ல வைத்தல் ஆகியவை பயனளிப்பதில்லை, சில வேளைகளில் எதிர்விளைவும் தரும். நம் பள்ளிகளில் ஓர் ஆண்டில் நடக்கும் விழிப்புணர்வு நிகழ்ச்சிகளைப் பட்டியலிட்டால் பெரும்பாலானவை இம்மூன்று வகைகளுக்குள் அடங்கிவிடும். பேரணி ஒன்று கூடுதல்.

இனி, தண்டனை. மாணவன் ஒருவன் பையில் குட்கா உறையோடு பிடிபடுகிறான் என்று கொள்வோம். அவனைப் பற்றிய வாக்கியம் தமிழில் எவ்வாறு அமையும்? ‘அவன் போதைக்கு அடிமையானான்.’ இதில் அடிமை இருக்கிறான், ஆண்டான் போதை. இந்தியில் ‘அவனுக்கு லத் ஒட்டிக்கொண்டது’ என்பார்கள். அங்கே பழக்கமே எழுவாய், சிறுவன் அதற்கு ஆட்பட்டவன். இரு மொழி வாக்கியங்களும் வேறு வேறு இலக்கணம் கொண்டவை. ஆனால் இரண்டிலும் இல்லாத ஒருவர் உண்டு: அந்த உறையை ஐந்து ரூபாய்க்கோ பத்து ரூபாய்க்கோ அவன் கையில் கொடுத்தவர். ‘விற்றார்’ என்ற வினை வந்தால்தான் அவர் வாக்கியத்துக்குள் வருவார். அந்த வினை வருவதில்லை. முன்குறித்த 2019 கணக்கெடுப்பில், சிகரெட் புகைக்கும் மாணவரில் 69 விழுக்காட்டினர் கடை, பெட்டிக்கடை, தெருவோர விற்பனையாளர் ஆகியோரிடம் விலை கொடுத்தே வாங்கினர். அவர்களில் 45 விழுக்காட்டினர் வயதைக் காரணம் காட்டி மறுக்கப்படவில்லை. வாக்கியத்திலிருந்து நீங்கிய எழுவாய் இங்கே எண்ணாக நிற்கிறது.

சட்டப் புத்தகத்தில் அவருக்கு இரண்டு வாக்கியங்கள் உள்ளன. 2003-ஆம் ஆண்டின் புகையிலைப் பொருள்கள் சட்டம், ஆறாம் பிரிவின்படி, 18 வயதுக்குக் குறைந்தவருக்கும், கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள்ளும் புகையிலை விற்கக் கூடாது. விற்றால் 200 ரூபாய் வரை அபராதம். 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம், 77-ஆம் பிரிவின்படி, குழந்தைக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும். ஒரே செயல், ஒன்று 200 ரூபாய், மற்றொன்று ஏழு ஆண்டு. பெட்டிக்கடைக்காரரை ஏழாண்டு சிறைக்கு அனுப்ப வேண்டும் என்று எவரும் கோர வேண்டியதில்லை. அவரும் பெரும்பாலும் வறியவரே. ஆனால் 200 ரூபாய் அபராதம்கூட விதிக்கப்படாத ஊரில், மாணவன்மீது மட்டும் கடுமை காட்டும் பள்ளிக்கு அறநியாயம் குறைவு.

அதே இளஞ்சிறார் நீதிச் சட்டத்தில் மொழியியலர் கண்ணுக்குத் தப்பக் கூடாத ஓர் இடம் உண்டு. மூன்றாம் பிரிவு இச்சட்டத்தின் பொதுநெறிகளைக் கூறுகிறது. அவற்றுள் எட்டாவது, களங்கம் சுமத்தாத சொல்லாட்சி என்ற நெறி. குழந்தை தொடர்பான நடவடிக்கைகளில் எதிர்நிலைச் சொற்களையும் குற்றஞ்சாட்டும் சொற்களையும் பயன்படுத்தலாகாது என்கிறது அது. சொற்பொருண்மையியல் என்ற துறையின் பெயரே ஓர் இந்தியச் சட்டத்தின் நெறியாக இடம்பெற்றிருக்கிறது. இதற்கொரு வரலாறு உண்டு. 1986-ஆம் ஆண்டின் பழைய சட்டம் ‘குற்றம் புரிந்த இளஞ்சிறார்’, ‘புறக்கணிக்கப்பட்ட இளஞ்சிறார்’ என்று பிள்ளைகளைப் பிரித்தது. 2000-இல் வந்த சட்டம் அச்சொற்களைக் கைவிட்டு, ‘சட்டத்தோடு முரண்பட்டவர்’, ‘பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுபவர்’ என்று மாற்றியது. போதைப் பழக்கத்துக்குள் இழுக்கப்படும் ஆபத்திலுள்ள குழந்தையை 2015-ஆம் ஆண்டின் சட்டம் இரண்டாவது வகையில் வைக்கிறது. பராமரிப்புத் தேவைப்படும் குழந்தை என்று சட்டம் அழைப்பவரைத்தான் பள்ளியின் ஒழுங்குக் குழு ‘கெட்டவன்’ என்று அழைக்கிறது.

சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஜான் கெல்லியும் கசாண்ட்ரா வெஸ்டர்ஹாஃபும் 2010-இல் வெளியிட்ட ஆய்வை நினைவூட்டலாம். மனநலச் சிகிச்சையாளர் ஐந்நூற்றுவருக்கு மேற்பட்டவரிடம் ஒரே மனிதரைப் பற்றிய ஒரே குறிப்பு கொடுக்கப்பட்டது. பாதிப் பேருக்கு அம்மனிதர் ‘போதைப்பொருளைத் தகாவழியில் பயன்படுத்துபவர்’. மறுபாதிக்கு ‘போதைப் பயன்பாட்டுக் கோளாறு உடையவர்’. வேறெதுவும் மாறவில்லை. முதல் சொல்லைப் படித்தவர்கள் அவரையே குற்றவாளியாகக் காணவும் தண்டனை தகும் என்று எண்ணவும் மிகுதியாக முற்பட்டனர். இவர்கள் பொதுமக்கள் அல்லர்; பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்கள். 2013-இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு ‘தகாப் பயன்பாடு’ என்ற நோய்ப்பெயரைக் கைவிட்டது. தமிழில் ‘அடிமை’ இன்னும் அரியணையில் இருக்கிறது, மருத்துவமனைப் பலகைகளிலும்.

பள்ளி அவனை எழுத்தில் வெளியேற்றுவது அரிது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 16-ஆம் பிரிவு, தொடக்கக்கல்வி முடியும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. 2019-இல் வந்த திருத்தம் ஒரே வகுப்பில் நிறுத்திவைக்க இடம் தந்தபோதும் நீக்கத் தடையைத் தொடவில்லை. ஆனால் அந்தப் பாதுகாப்பு எட்டாம் வகுப்போடு முடிகிறது. பழக்கங்கள் வெளியே தெரியத் தொடங்கும் வயது ஒன்பதும் பத்தும். அங்கே பள்ளிக்குத் தடையில்லை. பெற்றோர் அழைக்கப்படுவர், தலைமையாசிரியர் அறையில் தந்தை நின்றுகொண்டே பேசுவார், ‘பையனின் நலனை உத்தேசித்து’ என்ற சொற்றொடர் பயன்படுத்தப்படும், முடிவில் மாற்றுச் சான்றிதழ் கோரிப் பெற்றோரே விண்ணப்பம் எழுதித் தருவர். ஆவணத்தில் ‘பெற்றோர் விருப்பத்தின் பேரில்’ என்று இருக்கும். இங்கும் வினைமுதல் மறைந்துவிடுகிறார். நடத்தைக் கட்டத்தில் வழக்கமான ‘நன்று’ என்பதற்குப் பதிலாக ஒரு சிறு கோடு இருந்தால் அடுத்த பள்ளி அதைச் சரியாகவே வாசித்துக்கொள்ளும்.

ஆசிரியர் தரப்பை இகழ்ந்துவிட்டுப் போவது எளிது, நேர்மையன்று. ஐம்பது பேர் கொண்ட வகுப்பு, உளவியல் ஆலோசகர் இல்லாத பள்ளி, தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்கும் அதிகாரி, ‘அந்தப் பையனோடு என் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள்’ என்று எழுதித் தரும் பிற பெற்றோர். ஒருவனால் மூவர் கெடுவர் என்ற அவர்களது அச்சத்துக்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. பதின்பருவத்தில் நண்பர் வட்டத்தின் செல்வாக்கு உண்மையானது. விற்பனையில் ஈடுபடும் மாணவனையும் பயன்படுத்தும் மாணவனையும் ஒன்றாக நடத்த முடியாது என்பதும் சரியே. ஆனால் வெளியேற்றப்படுபவன் அந்த நண்பர்களின் தெருவிலேயேதான் வாழ்கிறான். வகுப்பறையிலிருந்து அகன்ற பின் அவனுக்கு நாள் முழுவதும் நேரம் இருக்கிறது. அவனைக் காணும் வயதுவந்தோர் எண்ணிக்கை மட்டும் குறைந்துவிடுகிறது. பள்ளியோடுள்ள பிணைப்பு பதின்பருவத்தினரைக் காக்கும் காரணிகளுள் ஒன்று என்பது தடுப்பியல் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்ட செய்தி. அதையே முதலில் அறுத்துவிட்டுப் பிறகு முகாம் நடத்துவதில் என்ன பொருள் இருக்கிறது?

மாற்று வழிகள் ஏற்கெனவே காகிதத்தில் இருக்கின்றன. 2014-இல் தொடங்கிய தேசிய வளரிளம்பருவ நலத்திட்டத்தின் ஆறு கருப்பொருள்களுள் போதைப் பயன்பாடும் ஒன்று. அதன்கீழ் அரசு மருத்துவமனைகளில் வளரிளம்பருவத்தினருக்கான ஆலோசனை மையங்கள் உள்ளன. புகையிலையை விட விரும்புவோர்க்குக் கட்டணமில்லாத் தேசியத் தொலைபேசி எண் 1800-11-2356. போதைமீட்பு உதவிக்கு 14446. மனநல உதவிக்கு 14416. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64-ஏ பிரிவு, தாமாக முன்வந்து சிகிச்சை பெறும் பயன்பாட்டாளருக்கு, சிறிய அளவு, சொந்தப் பயன்பாடு போன்ற வரையறைகளுக்குள், வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. பள்ளி அறிவிப்புப் பலகையில் உறுதிமொழியின் சட்டமிட்ட படம் தொங்கும் இடத்தில் இவை எழுதப்பட்டிருந்தால், மாலையில் தனியாக நின்று வாசித்துக் குறித்துக்கொள்ளும் ஒருவன் இருக்கக்கூடும்.

உறுதிமொழி எடுப்பதற்குப் பதிலாகக் கேள்வி கேட்கும் பள்ளிகள் வேண்டும். கேள்வியும் பெயர் சொல்லிக் கேட்கப்பட வேண்டும், பெயர் எழுதாத தாளில் விடை பெறப்பட வேண்டும், வந்த விடை யாரையும் பிடிப்பதற்குப் பயன்படலாகாது. இந்த மூன்றாவது நிபந்தனையே கடினமானது. ஒரு முறை மீறப்பட்டால் அந்தப் பள்ளியில் அடுத்த பத்தாண்டுகளுக்கு எவரும் உண்மை எழுத மாட்டார்கள்.

பல்கலைக்கழக மொழியியல் துறைகளுக்கும் இதில் ஒரு வேலை காத்திருக்கிறது. மாவட்டந்தோறும் பதின்பருவத்தினர் இப்பொருள்களுக்கு வைத்திருக்கும் பெயர்கள், பயன்படுத்தும் வினைச்சொற்கள், தமக்குள் வழங்கும் குழூஉக்குறிகள் ஆகியவற்றைத் தொகுத்து, ஆலோசகர்களின் கைக்குக் கிடைக்கச் செய்தல். காவல்துறைக்கான உளவுப் பட்டியலாக அது ஆகிவிடாதபடி தரவு எவ்வாறு பாதுகாக்கப்படும், பதினெட்டு வயது நிரம்பாதவரின் இசைவு எவ்வாறு பெறப்படும், பெற்றோர் இசைவு தேவையெனில் உண்மை எவ்வளவு கிடைக்கும் என்பவை களப்பணி நெறிமுறையின் கடினமான வினாக்கள். ஆய்வுநெறிக் குழுக்கள் அவற்றை எளிதில் அனுமதிக்கமாட்டா. பட்டியலும் நிலைக்காது, இவ்வகைப் பெயர்கள் பெரியவர்களுக்குத் தெரிந்த மறுநாளே மாறிவிடுபவை. ஆகவே ஒரு முறை அச்சிட்டு நூலகத்தில் வைக்கும் அகராதியாக அது இருக்க முடியாது. ஆண்டுதோறும் அதே பள்ளிகளுக்குத் திரும்பிச் செல்லும், பிள்ளைகள் முகம் அறிந்த ஒருவர் வேண்டும். அவர் ஜூன் 26 அன்று செல்லாதிருப்பது நல்லது.